அப்பா பெயரில் நான் நிரப்பிய தாள்

5 மே 2025, திங்கள்

அப்பா இன்று இடது காலுக்கு மட்டும் சாக்ஸ் போட்டிருந்தார். வலது கால் வெறும் செருப்பில் இருந்தது. அப்படியே பஸ் எடுக்கப் போய்விட்டார். பேக்டரிக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸில் டிரைவர் காலை யார் பார்க்கப் போகிறார்கள்.

நான் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டால், "உன் வேலைய பாரு" என்பார். அவரைப் பார்ப்பதுதான் என் வேலை.

இது பழைய வரலாற்று நோட்டு. போன வருடம் நாலாம் படிவத்தில் பள்ளியை விட்டுப் பாதியில் நின்றுவிட்டேன். பின்பக்கம் முழுவதும் காலியாகக் கிடக்கிறது. எனக்கு ஆட்களிடம் பேச வராது. இதில் எழுதிப் பார்க்கிறேன்.

8 மே, வியாழன்

மத்தியானம் அவர் சோபாவில் தூங்கியபோது சாக்ஸை விலக்கிப் பார்த்தேன். சுண்டுவிரல் கத்தரிக்காய் நிறம். தொட்டால் ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்த மாதிரி. போனில் படம் எடுத்து வைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

11 மே, ஞாயிறு

அம்மாவுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. மற்ற நாளெல்லாம் விடிவதற்கு முன்பே வேன் ஏறி, எல்லை தாண்டி சிங்கப்பூருக்குத் துப்புரவு வேலைக்குப் போய்விடுவார். அதனால் இன்றைக்குத்தான் அந்த விரலைப் பார்த்தார். பார்த்த கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிட்டார். நானும் போனேன்.

டாக்டர் சின்ன வயது மலாய்க்காரப் பெண். அப்பா, "பஸ் பெடல்ல இடிச்சிக்கிட்டேன்" என்றார். டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் என்று கேட்டார்.

"பத்து பன்னெண்டு இருக்கும்."

இருபத்திரண்டு. எனக்குத் தெரியும்.

புகை சின்னச் சின்ன ரத்தக்குழாய்களை அடைத்துவிட்டதாம். முதலில் விரல் போகும், பிறகு பாதம், பிறகு கால். மருந்து என்ன என்று அம்மா கேட்டார். நிறுத்துவதுதான் மருந்து என்றார் டாக்டர். நிக்கோட்டின் பட்டை ஒட்டக்கூடாது, அந்தச் சுவிங்கமும் கூடாது, மின்சிகரெட் வேப்பும் கூடாது. நிக்கோட்டின் எந்த வழியில் உள்ளே போனாலும் இவர் காலுக்கு ஆகாது.

"கொறச்சிக்கிறேன் டாக்டர்."

"ஒன்னுகூட கூடாது, அங்கிள்."

அப்பா சிரித்தார். கார் நிறுத்தத்துக்கு வந்ததும், "இவளுக்கு என்னா வயசு, எனக்கு பாடம் எடுக்கறா" என்று சொல்லிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். நான் பையில் இருந்து ஒரு சிகரெட் எடுத்துக் கொடுத்தேன். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் எழுதுகிறேன். அந்தக் கால் போனால் அவர் வீட்டிலேயே இருப்பார். அம்மா வேலைக்குப் போயாக வேண்டும். அப்போது அவரைப் பார்த்துக்கொள்ள யார்? நான்தான், இந்த மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், ஆயுசுக்கும். எனக்கு அந்தக் கால் வேண்டும். அவருக்காக இல்லை.

13 மே, செவ்வாய்

டின் பற்றி எழுத வேண்டும்.

எனக்குப் பதினைந்து வயதானபோது அம்மாவுக்கு சிங்கப்பூர் வேலை கிடைத்தது. போவதற்கு முதல் நாள் அப்பாவின் சிகரெட் பெட்டிகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் கொடுத்தார். "இனிமே நீ வெச்சுக்க. பொம்பளப் புள்ளகிட்ட கேக்கணும்னா கொஞ்சம் வெக்கப்படுவாரு. தன்னால கொறையும்."

அவர் வெட்கப்படவில்லை. குறையவும் இல்லை. வேறொன்று நடந்தது. அவர் கேட்பதற்கு முன்பே எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

பஸ் சாவியை மேசையில் வைக்காமல் உள்ளங்கையில் திருப்பிக்கொண்டே இருந்தால் சூப்பர்வைசர் ஏதோ சொல்லியிருக்கிறார். தாடை ஒரு பக்கம் போனால் அம்மாமேல் கோபம். ரிமோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தால் எதையோ நினைத்துப் பயப்படுகிறார். அந்த நேரத்தில் ஒன்றை எடுத்து நீட்டிவிட வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் தட்டு பறக்கும், இல்லாவிட்டால் ரிமோட், ஒரு தடவை சோற்றுச் சட்டி. அவர் எங்களை அடிக்க மாட்டார். பொருளைத்தான்.

வேலை முடிந்து காலை ஒன்பது மணிக்கு அவர் வரும்போது வீட்டில் யாராவது இருந்தால் நல்லது என்று அம்மா சொன்னார். பள்ளிக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் போகவில்லை, பிறகு மூன்று நாள், பிறகு மொத்தமாக. ஆசிரியர் வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். அப்பா அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தார்.

போன வருடம் முழுவதும் இந்த வீட்டில் ஒரு தட்டுகூட உடையவில்லை. எனக்கு அதில் பெருமை இருந்தது. சீ.

20 மே, செவ்வாய்

சிகரெட்டை நிறுத்தும் கிளினிக். அப்பாவை மெடிக்கல் லீவில் போட்டுவிட்டார்கள், அதனால் நாள் முழுவதும் என்னோடுதான். நர்ஸ் மிஸ்ஸி ஒரு குழாயில் ஊதச் சொன்னார். புகை நெஞ்சில் எவ்வளவு இருக்கிறது என்று அது காட்டுமாம். இருபத்தாறு வந்தது. பச்சை நிறத்துக்கு வர ஆறுக்குக் கீழே இறங்க வேண்டும்.

பிறகு ஒரு அக்கா வந்தார். பெயர் கிருஷ்ணகுமாரி. ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு, ஆராய்ச்சி செய்கிறாராம். வானொலிச் செய்தி வாசிப்பது மாதிரி தமிழ் பேசினார். சிகரெட்டை விட முடியாதவர்களுக்கும் உணர்வறிவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிறாராம். உணர்வறிவு என்றால்? தன் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிவது, மற்றவர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிவது, அதை வைத்து நடந்துகொள்வது.

"அங்கிள், ரெண்டு பகுதி இருக்கு. மெதுவா நிரப்புங்க, அவசரம் இல்லை."

"கண்ணாடி கொண்டாரல. மக நிரப்பும்" என்றார் அப்பா. கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

முதல் பகுதி சிகரெட் பற்றியது. எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? ஐந்துக்குள். காய்ச்சலாகப் படுத்திருந்தாலும் பிடிப்பீர்களா? ஆம். எல்லாம் உண்மையாகவே போட்டேன்.

இரண்டாம் பகுதியில் முப்பது வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் ஒன்றில் இருந்து ஐந்து வரை போட வேண்டும். முதலாவதை அவரிடம் கேட்டேன்.

"அப்பா, மனசுல என்ன தோணுதுன்னு உங்களுக்கு ஒடனே தெரியுமா?"

"என்னா கேள்வி இது? எதையாவது போடுலா."

கார் நிறுத்தத்துக்குப் போனார். என் பையில் இருந்து ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போனார். சிகரெட்டை நிறுத்தும் கிளினிக்கின் வாசலில்.

நான் தாளோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். 'ஒருவர் குரலை வைத்தே அவர் மனநிலையை அறிந்துகொள்வேன்.' ஐந்து. 'என் கோபத்தை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்வேன்.' ஐந்து. 'மற்றவர் சொல்வதற்கு முன்பே அவர் தேவை எனக்குத் தெரியும்.' ஐந்து, ஐந்து. யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள் எல்லாம் அதில் இருந்தன. கை நிற்கவில்லை. முடித்த பிறகுதான் மேலே பார்த்தேன். பெயர்: கமலநாதன். வயது: 48. ஆண்.

மாற்றவில்லை. கொடுத்துவிட்டேன்.

21 மே, புதன்

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையும் சாப்பிடுகிறார், சிகரெட்டும் பிடிக்கிறார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான், நான் எடுத்துக் கொடுப்பவை.

27 மே, செவ்வாய்

ஊதினார். இருபத்துநாலு. "கொறஞ்சிருச்சே" என்று மிஸ்ஸியிடம் பெருமையாகச் சொன்னார். மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

கிருஷ்ணகுமாரி அப்பாவைத் தனியாகப் பேசக் கூப்பிட்டிருக்கிறார். அடுத்த செவ்வாய். அப்பாவின் தாள் மற்றவர்கள் தாள் மாதிரி இல்லையாம்.

3 ஜூன், செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சின்ன அறை. கிருஷ்ணகுமாரி ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நான் கதவோரம். மற்றவர்கள் தாளில் சிகரெட்டின் பிடி அதிகமாக இருந்தால் உணர்வறிவு குறைவாகத்தான் வந்திருக்கிறதாம். அப்பா தாளில் இரண்டுமே உச்சத்தில் இருக்கிறது. ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

"உங்க மனைவி கவலையா இருந்தா எப்படித் தெரிஞ்சுக்குவீங்க, அங்கிள்?"

"மக சொல்லும்."

"உங்களுக்கே கோபம் வரப்போகுதுன்னா?"

"அதுவும் மகதான்." அப்பா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். யாராவது அவரைப் பற்றிக் கேட்டால் அவருக்குப் பிடிக்கும். "சிகரெட்ட எடுத்து நீட்டும் பாருங்க, அப்பதான் எனக்கே தெரியும். ஓ, நாம கோவமா இருக்கோம் போலன்னு."

சிரித்தார். கிருஷ்ணகுமாரி சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்.

"ஆனா குரலை வெச்சே மற்றவங்க மனசு தெரியும்னு போட்டிருக்கீங்க. அஞ்சுக்கு அஞ்சு."

"போட்டிருக்கேனா? அப்ப சரியாத்தான் இருக்கும்லா."

என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் தாளில் என்ன இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்க வேண்டும், அதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சாவியைத் திருப்ப ஆரம்பித்தார். என் கை டின்னுக்குப் போனது. நான் அனுப்பவில்லை. அதுவாகவே போனது.

4 ஜூன், புதன்

கிருஷ்ணகுமாரியின் நம்பர் கிளினிக் அட்டையில் இருந்தது. நேரில் என்றால் என்னால் முடியாது. எழுதி அனுப்பினேன்: "இரண்டாம் பகுதி நான். அப்பா இல்லை. மன்னிக்கவும்."

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "சொன்னதுக்கு நன்றி. எனக்கும் நேத்துதான் அப்படித் தோணுச்சு. அந்தத் தாளை ஆராய்ச்சியில இருந்து எடுத்துடறேன். சிகிச்சை நிக்காது, பயப்படாதீங்க."

கொஞ்சம் கழித்து இன்னொன்று. "ஒன்னு கேக்கலாமா? நீங்க எடுத்துக் குடுக்காத நாள்ல என்ன நடக்கும்?"

அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. அதை எழுதி அனுப்பவில்லை. உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ள நான் எதுவும் தரமாட்டேன், மிஸ். ஆனால் அந்தக் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. காலையில் இருந்து அவளைத் திட்டிக்கொண்டே துணி மடிக்கிறேன்.

அப்பா மனதை அவர் ஏன் பார்க்க வேண்டும், நான் பார்த்துச் சொல்லும்போது? டாக்டர் அவரைத் திட்டினார். திட்ட வேண்டியது என்னையும் சேர்த்துத்தான்.

8 ஜூன், ஞாயிறு

அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டின்னைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"நீங்களே வெச்சுக்குங்கம்மா."

"நான் வேன்ல தூக்கிட்டுப் போகவா?"

"இனிமே நான் குடுக்க மாட்டேன். காலு போயிரும்."

"தெரியும். அதுக்குன்னு ஒரேயடியா நிறுத்துனா வீடு தாங்குமா? அஞ்சா குடு. அப்புறம் நாலு."

"டாக்டர் ஒன்னுகூட கூடாதுன்னாங்க."

"டாக்டர் வீட்டுலயா இந்த மனுசன் இருக்காரு? ஒடைக்கறத அவங்களா வந்து கூட்டுவாங்க?" கத்தியைக் கழுவினார். "உனக்குத்தான் பக்குவமா வரும் ஷர்மி. எனக்கு அவரோட மூஞ்சி படிக்கத் தெரியாது. இருவது வருசமாச்சு, இன்னும் தெரியல."

பாராட்டுகிறாராம். நாலு மணிக்கு வேன் ஏறிப் போகிறவருக்கு என்ன, நான் இருக்கிறேன். அப்பாவுக்குச் சிகரெட் மாதிரி அம்மாவுக்கு நான்.

டின்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எப்போதும் போல.

10 ஜூன், செவ்வாய்

அம்மா போன பிறகு டின்னில் இருந்த எல்லாவற்றையும் குழாயடியில் போட்டு நனைத்துக் குப்பைப் பையில் கட்டி, கீழே கொண்டுபோய்ப் போட்டேன். அப்பா அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதரைக்கு ரிமோட்டைத் தேய்த்தார். நான் கீரை ஆய்ந்தேன். பத்து மணிக்குத் தாடை ஒரு பக்கம் போனது. கீரை. ஒரு கட்டு முடித்து அடுத்த கட்டை எடுத்தேன். அவர் என்னையே பார்த்தார். என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை, அது முகத்தில் தெரிந்தது. யாரோ வந்து சொல்லக் காத்திருக்கும் முகம்.

பிறகுதான், "எங்க?" என்றார்.

"இல்லப்பா."

"இல்லன்னா?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

கண்ணாடி மேசை. இரண்டு தட்டு. சாமி படத்துக்குக் கீழே இருந்த விளக்கு. அதுவரை பரவாயில்லை, அதெல்லாம் பழக்கம். அப்புறம் சொன்னார்: "ஸ்கூல்ல நாலு பேர் முன்னுக்கு நின்னு பேச தெரியாம ஓடியாந்தவ, நீ எனக்குப் படிச்சுக் குடுக்கறியா?"

நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

ஓடியாந்தேனா? நானா? உனக்காகத்தான்யா நின்னேன். ஒன்பது மணிக்கு நீ வரும்போது உன் மூஞ்சிய பாக்க ஆள் வேணும்னுதான் நின்னேன். ஒரு நாளாச்சும் கேட்டியா, ஏன் போகலன்னு? ஒரு நாளாச்சும்? கடுதாசி மேல காப்பிய வெச்ச.

இதில் ஒரு வார்த்தைகூடக் கதவுக்கு வெளியே போகவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றிருந்தேன்.

11 ஜூன், புதன்

அம்மா உடைந்ததைப் பார்த்துவிட்டு, "சொன்னேன்ல" என்றார். நான்தான் கூட்டினேன்.

15 ஜூன், ஞாயிறு

நாலு நாளாக அமைதி. எனக்குச் சந்தேகம் வந்தது. காலையில் அப்பா காற்று வாங்கப் போகிறேன் என்று நொண்டிக்கொண்டு கீழே போனார். பின்னாலேயே போனேன்.

தரைத்தளத்தில் ஐயாசாமி வீட்டு வாசல். அவரும் பஸ் டிரைவர்தான், ஓய்வுபெற்றுவிட்டார். நான் போவதற்குள் அப்பா சிகரெட்டை முடித்துவிட்டு, பத்திரிகை வாங்கக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஐயாசாமி என்னைப் பார்த்ததும் பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"என்னா பொண்ணு, அப்பாவ பட்டினி போடுறியாமே? சோத்துக்கு இல்ல, சும்மா ஒரு இழுப்புக்கு மனுசன் என் வாசல்ல வந்து நிக்கறான். தெனம் ரெண்டு மூனு குடுக்கறேன். பாவம்லா. உன் வயசுல எங்க வீட்டுப் பொண்ணுங்க அப்பன் முன்னால நிக்கக்கூட பயப்படும்."

பக்கத்து வீட்டம்மா சிரித்தார். எனக்குக் காது சுட்டது. போனைத் திறந்தேன். மே மாதம் எடுத்த விரல் படத்தைப் பெரிதாக்கி அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன்.

"என்னாது இது?"

அடுத்த படம், போன வாரம் எடுத்தது. கறுப்பு.

"அலமாக்... இது அவன் காலா? இடிச்சிக்கிட்டேன்னு சொன்னானே."

போனைப் பிடித்தபடியே நின்றேன். அவர் வேறு பக்கம் பார்க்கும்வரை எடுக்கவில்லை. சிகரெட் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

படி ஏறும்போது நன்றாக இருந்தது.

24 ஜூன், செவ்வாய்

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

அதே டாக்டர். "இந்தத் தடவை விரல்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அப்பா இந்த முறை சிரிக்கவில்லை. பக்கத்து விரலும் நிறம் மாறியிருக்கிறது. பிழைக்கலாம், புகை நின்றால்.

அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். "அஞ்சா கொறச்சிருந்தா போதும்னு நெனச்சேன்" என்றார். நான் தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றே சொல்லவில்லை.

2 ஜூலை, புதன்

அப்பா வீட்டுக்கு வந்து மூன்று நாள். ஆஸ்பத்திரியில் இருந்த நாளையும் சேர்த்தால் ஒன்பது நாளாக ஒன்றும் பிடிக்கவில்லை. படி இறங்க முடியாது. ஐயாசாமி மேலே வருவதில்லை.

இன்று என்னைக் கூப்பிட்டுத் தன் எதிரே நிற்கச் சொன்னார்.

"என் மூஞ்சிய பாரு. பாத்து சொல்லு. எனக்கு என்னா?"

பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தேவையே இல்லை, அவ்வளவு தெளிவாக இருந்தது. பயம். பஸ் வேலை போய்விடும் என்ற பயம், அதற்குக் கீழே அம்மா என்ன நினைக்கிறாரோ என்ற பயம்.

"தெரியலப்பா" என்றேன்.

"பொய் சொல்லாத. உனக்குத் தெரியும்."

"தெரியல."

தண்ணீர்க் கிண்ணத்தைச் சுவரில் அடித்தார். பிளாஸ்டிக், உடையவில்லை. என் வாழ்நாளில் ஒருவரிடம் நான் இவ்வளவு கொடுமையாக நடந்துகொண்டதில்லை. நாளைக்கும் அப்படித்தான் நடந்துகொள்வேன்.

5 ஜூலை, சனி

"வயிறு எரியுது" என்றார். கஞ்சி வைத்துக் கொடுத்தேன். குடித்தார். "இன்னும் எரியுது." வயிறு இல்லை அது. நான் சொல்லவில்லை.

9 ஜூலை, புதன்

நேற்று பசி. இன்று காலை உடம்புச் சூடு. மத்தியானம் மின்விசிறி சரியில்லை. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கிறார், சாவிக்கொத்தில் எது கதவைத் திறக்கும் என்று தெரியாதவர் மாதிரி. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எழுந்து போய் உலுக்கி, இதுதான், இதுதான் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறேன்.

13 ஜூலை, ஞாயிறு

சாப்பிடும்போது அம்மாவிடம் திடீரென்று, "நீ பேசாம இருந்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றார்.

அம்மா கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டுமாம். நான் ரசம் ஊற்றிக்கொண்டேன்.

"என்னமோ மாதிரின்னா?" என்று கடைசியில் அம்மாவே கேட்டார்.

"தெரியல. திட்டுனா பரவால்ல. பேசாம இருந்தாத்தான்."

இருவரும் சாப்பிட்டார்கள்.

21 ஜூலை, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். ஸ்கூடாயில் ஒரு கேக் கடை, மத்தியானம் மூன்றரையில் இருந்து எட்டு மணிவரை. உள்ளே மாவு பிசையும் இடம், கடைக்கு வருகிறவர்களிடம் பேச வேண்டியதில்லை. போனில் விளம்பரம் பார்த்து மூன்று நாள் யோசித்து, எழுதித்தான் கேட்டேன். இன்று முழுவதும் நான் பேசியது மூன்று வார்த்தை. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா, "அவர யாரு பாக்கறது?" என்றார்.

"சோறு மூடி வெச்சுட்டுப் போவேன். மாத்திரை மேசையில இருக்கும்."

"சோத்த கேக்கல."

"தெரியும்மா."

அப்பா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சத்தம் கூடியது.

24 ஜூலை, வியாழன்

நான் வந்தபோது ஒரு தட்டு உடைந்திருந்தது. அவரே கூட்டி ஓரமாகக் குவித்து வைத்திருந்தார். அள்ளவில்லை. அம்மா அள்ளினார்.

29 ஜூலை, செவ்வாய்

கிளினிக். ஊதினார். மூன்று. மிஸ்ஸி அதைத் திருப்பி எங்களிடம் காட்டினார்.

"எப்படி அங்கிள் விட்டீங்க? மக உதவி செஞ்சாங்களா?"

"அதுவா?" அப்பாவுக்கு உண்மையிலேயே கோபம். "அது ஒன்னும் செய்யல மிஸ்ஸி. கேட்டாகூட ஒரு வார்த்த சொல்லாது. கல்லு மாரி நிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பக்கத்து விரல் பிழைத்துக்கொள்ளுமா என்று அடுத்த மாதம் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்களாம்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

நாளைக்கு ஸ்கேன். காலையில் இருந்து அப்பா சரியில்லை. குளித்தார், சட்டை மாற்றினார், திரும்ப மாற்றினார். இரண்டு மணிக்குச் சோற்றைத் தொடாமல் மூடிவைத்தார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"ஷர்மி."

திரும்பினேன். முகத்தைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பஸ்ஸுக்கு இருபது நிமிடம்.

"வயிறு..." என்றார். நிறுத்தினார். காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "வயிறு இல்ல. பயமா இருக்குலா. நாளைக்கு இன்னொன்னையும் எடுக்கணும்னு சொல்லிட்டா? கொஞ்சம் உக்காரேன்."

நாற்காலி பக்கத்திலேயே இருந்தது. அவர் கை காலியாக மடியில் கிடந்தது. உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நாளைக்கும் உட்கார வேண்டும், மறுநாளும்.

"எப்ப இருந்துப்பா?"

"காலையில இருந்து. இல்ல... ஆஸ்பத்திரில இருந்தே."

இரண்டரைக்கு அம்மாவுக்கு அங்கே ஓய்வு நேரம். அப்பா போனை எடுத்து, அம்மா நம்பரைப் போட்டு, அவர் கையில் கொடுத்தேன்.

"இத அம்மாகிட்ட சொல்லுங்க. இப்ப சொன்ன மாதிரியே."

செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனேன்.